உங்கள் கார் எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் வாகனங்கள் எப்படி ஊர்ந்து செல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை தேக்கா பக்கம் சாலையைக் கடக்க நிற்கும்போது, போக்குவரத்து விளக்கில் காத்திருக்கும் கார்களின் முன்கண்ணாடியைக் கொஞ்சம் கவனியுங்கள். சில கார்களில் பண அட்டை செருகிய பழைய சிறு பெட்டி ஒன்று ஒட்டியிருக்கும். வேறு சிலவற்றில் கைப்பேசி அளவுக்கு ஒரு தொடுதிரை இருக்கும். பழைய பெட்டி, நீங்கள் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1998ல் மின்னியல் சாலைக் கட்டண முறையோடு வந்தது. தொடுதிரை, 2023 நவம்பரில் பொருத்தத் தொடங்கிய அடுத்த தலைமுறைக் கருவியின் ஒரு பகுதி.

பார்வைக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் பெட்டிகள்தாம். ஆனால் பழையது கட்டண வளைவைக் கடக்கும்போது மட்டும் பேசும். புதியதற்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது எப்போதும் தெரியும். கைப்பேசிக் கட்டமைப்பு வழியாகப் பின்னால் உள்ள கணினிகளோடும் அதனால் பேச முடியும். ஏறத்தாழ ஒரு மில்லியன் வாகனங்கள் உள்ள நம் தீவில் அவ்வளவு வாகனங்களும் ஒரே வலைப்பின்னலுக்குள் வருகின்றன. இதற்கான 556 மில்லியன் வெள்ளி ஒப்பந்தம் 2016லேயே என்சிஎஸ், மிட்சுபிஷி கனரகத் தொழில் குழும நிறுவனம் ஆகியவற்றின் கூட்டணிக்கு வழங்கப்பட்டது.

இந்தக் கருவி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பள்ளி வட்டாரத்தை நெருங்கும்போது அது ஓட்டுநரை எச்சரிக்கிறது. முதியோர் நடமாடும் பகுதிகளிலும் அப்படியே. சாலைக்கு மேல் நிற்கும் அந்தப் பெரிய வளைவுகள் இனி தேவைப்படாது. எதிர்காலத்தில், ஓட்டிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வசூலிக்கவும் இது வழி திறக்கிறது. நெரிசலில்லாத சாலையில் குறைவாக ஓட்டுபவர் குறைவாகச் செலுத்துவது நியாயம்தான். என் கேள்வி வேறு. உங்கள் குடும்பத்தின் கார் நேற்று எங்கே போனது என்பது எத்தனை நாள் ஒரு கணினியில் கிடக்கலாம்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைப்போம். “செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது” என்று பலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. இடங்காட்டிச் செயற்கைக்கோள்கள் வானொலி நிலையம் போன்றவை. தம் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. காரில் உள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து, தன் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. வானொலி கேட்பவர் யார் என்று நிலையத்துக்குத் தெரியாததைப் போல, கருவி எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

அப்படியானால் நம் இருப்பிடம் வெளியே போவது எப்போது? கணக்கிட்ட இடத்தைக் கருவி தன் பங்குக்கு வேறொரு வழியில், கைப்பேசி அலையில், அனுப்பும்போதுதான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை அறிவது ஒரு செயல், இடத்தைச் சொல்வது இன்னொரு செயல். முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தே ஆக வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் இல்லை. எதை அனுப்புவது, எதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு.

அப்படி ஒரு முடிவு ஏற்கெனவே ஒரு நகரத்தின் வரலாற்றை மாற்றியிருக்கிறது. 1983 முதல் 1985 வரை ஹாங்காங்கில் ஏறத்தாழ 2,500 வாகனங்களின் அடிப்பகுதியில் மின்னியல் தகடு பொருத்திச் சாலைக் கட்டணத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். தொழில்நுட்பம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால், மாதக் கடைசியில் கட்டணப் பட்டியல் அனுப்ப வேண்டுமானால், எந்த வாகனம் எந்த இடத்தை எப்போது கடந்தது என்று அரசாங்கம் எழுதிவைத்திருக்க வேண்டும். ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் உடன்பாடு கையெழுத்தான காலம் அது. இந்தப் பதிவுகள் நாளை யார் கைக்குப் போகும் என்று மக்கள் அஞ்சினார்கள். திட்டம் கைவிடப்பட்டதற்கு அந்த அச்சமும் ஒரு முக்கியக் காரணம்.

சிங்கப்பூர்ப் பொறியாளர்கள் அதைப் பார்த்துப் பாடம் கற்றார்கள். 1998ல் நாம் கொண்டுவந்த முறையில் பணம் அட்டையிலேயே இருந்தது. வளைவைக் கடக்கும்போது அட்டையிலிருந்து தொகை கழியும். கணக்கு அங்கேயே முடிந்துவிடும். அட்டை நிறுவனத்திடமிருந்து பணம் வந்துசேர்ந்ததும் அந்தப் பயணத்தின் பதிவு அழிக்கப்படும், வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் என்று நிலப் போக்குவரத்து ஆணையப் பொறியாளர்களே தங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். கட்டணம் செலுத்தாதவரின் வாகனத்தை மட்டும் கேமரா படம் எடுக்கும். அந்த 24 மணி நேரம் என்ற எண் எனக்கு மிகவும் பிடிக்கும். “உங்கள் தகவல் பத்திரமாக இருக்கும்” என்பது வாக்குறுதி. “24 மணி நேரம்” என்பது அளவு. அறிவியல் படிக்கும் உங்களுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் கார் ஓட்டுவதில்லை, அதனால் இது உங்களுக்குத் தொடர்பில்லாத கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜனவரியில் பழைய ஈஸி-லிங்க் அட்டைகளை நிறுத்திவிட்டு எல்லாரையும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற்றப்போவதாக ஆணையம் அறிவித்தது. பேருந்தில் அட்டையைத் தட்டும்போது மீதத்தொகை தெரியாது என்று மக்கள் கேள்வி எழுப்பினார்கள். இரண்டே வாரத்தில் முடிவு மாறியது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. மீதத்தொகை ஏன் தெரியாது என்று யோசித்தீர்களா? பணம் அட்டையில் இல்லை, தொலைவில் உள்ள கணினியில் இருக்கிறது. காரில் நடப்பதும் இதே இடமாற்றம்தான். கையில் இருந்தது மேகத்துக்குப் போகிறது.

மேகம் என்றதும் வானத்தில் எதையோ கற்பனை செய்ய வேண்டாம். அது யாரோ ஒருவருடைய கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட அறையில் அடுக்கப்பட்ட கணினிகள்தான். அதன் வலிமையும் பலவீனமும் ஒன்றே. எல்லாம் ஓர் இடத்தில் இருக்கும். வீவக கார் நிறுத்துமிடத்தில் திருடன் வந்தால் ஒரு காரை உடைத்துத் திறப்பான். மேகத்தில் பூட்டு திறந்து கிடந்தால், எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும்.

டொயோட்டா நிறுவனம் 2023 மே மாதம் ஒப்புக்கொண்டதைப் பாருங்கள். ஜப்பானில் ஏறத்தாழ 2.15 மில்லியன் வாடிக்கையாளர்களின் வாகனத் தகவல்கள், இருப்பிடம் உட்பட, மேகக் கணினியில் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் பத்து ஆண்டுகளாக வெளியார் அணுகும் நிலையில் இருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. பூட்ட மறந்திருந்தார்கள். 2024 டிசம்பரில் ஜெர்மனியின் கேயாஸ் கணினி மன்றம் இன்னொன்றை வெளியிட்டது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஏறத்தாழ 800,000 மின்சாரக் கார்களின் தகவல்கள் பாதுகாப்பின்றிக் கிடந்தன. அவற்றில் 460,000 கார்களின் இருப்பிடம் மிகத் துல்லியமாக இருந்தது. அரசியல்வாதிகளின் கார்களும் காவல்துறைக் கார்களும் அதில் அடக்கம்.

காரைத் தொலைவிலிருந்து இயக்குவது பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2015ல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்த ஒரு ஜீப்பை வீட்டிலிருந்தபடியே வேகமிழக்கச் செய்து காட்டினார்கள். ஓட்டியவர் ஒரு செய்தியாளர், அவருடைய ஒப்புதலோடுதான். பாட்டுக் கேட்கும் கருவியின் கைப்பேசி இணைப்பு வழியாக நுழைந்து, காரின் உள் வலைப்பின்னலுக்குப் போனார்கள். அந்த உள் வலைப்பின்னல் 1980களில் உருவானது. “பிரேக் போடு” என்று ஒரு செய்தி வந்தால், அதை அனுப்பியது யார் என்று அது கேட்பதில்லை. கார் என்பது மூடிய பெட்டி, உள்ளே அந்நியர் யார் வரப்போகிறார் என்ற காலத்து வடிவமைப்பு. 1.4 மில்லியன் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நம் நாட்டில் 2019ல் வெளியான, ஓட்டுநரில்லா வாகனங்களுக்கான தொழில்நுட்பக் குறிப்பில் இணையப் பாதுகாப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆக, இந்த ஆபத்தை எல்லாரும் தீவிரமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பிரேக் வேலை செய்யாவிட்டால் எல்லாருக்கும் தெரியும், செய்தி வரும், சரி செய்வார்கள். இருப்பிடத் தகவல் கசிந்தால் சத்தமே இருக்காது. அதனால்தான் நான் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போக்குவரத்தைத் திட்டமிட, அடையாளம் நீக்கப்பட்ட, மொத்தமாகத் திரட்டப்பட்ட தகவல்களையே பயன்படுத்துவதாக ஆணையம் கூறியுள்ளது. நல்ல முடிவு. ஆனால் “அடையாளம் நீக்கப்பட்ட” என்ற சொல்லை ஒரு வேதியியல் சோதனையைப் போலச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதோ ஒரு சோதனை, வீட்டிலேயே செய்யலாம்.

சிங்கப்பூர் வாகன எண்ணின் கடைசி எழுத்து சும்மா வந்ததில்லை. எஸ்பிஎஸ் 3229 என்ற பேருந்து எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தை விட்டுவிடுங்கள். ஆங்கில அகரவரிசையில் பி இரண்டாவது, எஸ் பத்தொன்பதாவது. அப்போது நம்மிடம் உள்ள எண்கள் 2, 19, 3, 2, 2, 9. இவற்றை வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 18 + 76 + 15 + 8 + 6 + 18 = 141. அதை 19ஆல் வகுத்தால் மீதி 8. பூச்சியம் முதல் 18 வரை ஒவ்வொரு மீதிக்கும் ஓர் எழுத்து நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. எட்டுக்கு உரியது ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்து. அதுதான் அந்தப் பேருந்தின் எண் பலகையில் கடைசியில் நிற்கும்.

அதாவது கடைசி எழுத்து புதிய தகவல் எதையும் சேர்ப்பதில்லை. மற்றவை தெரிந்தால் அதுவும் தெரியும். அப்படியானால் இக்காலத் தனியார் கார்களுக்கு மொத்தம் எத்தனை எண்கள் சாத்தியம்? முதல் எழுத்து மாறாது. அடுத்த இரண்டுக்கும் எல்லா எழுத்துகளையும் அனுமதித்தாலும் 26 × 26 × 9,999. ஏறத்தாழ 6.8 மில்லியன். நமக்கு இது பெரிய எண். கணினிக்கு இது காலைப் பசியாறலுக்குக்கூடப் போதாது.

ஏன் இந்தக் கணக்கு? வாகன எண்ணை மறைக்க ஒரு வழி, அதை ஒரு கணிதச் சூத்திரத்துக்குள் அனுப்பி, தொடர்பில்லாத நீண்ட எழுத்துத் தொடராக மாற்றுவது. மாவை அரைத்த பிறகு அரிசியாக்க முடியாதது போல, அந்தத் தொடரிலிருந்து எண்ணை நேராகத் திரும்பப் பெற முடியாது. நியூயார்க் நகரம் 2013ஆம் ஆண்டின் 173 மில்லியன் டாக்சிப் பயணங்களை அப்படித்தான் மறைத்து வெளியே கொடுத்தது. 2014ல் விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் அதைப் பார்த்தார். மாவை அரிசியாக்க அவர் முயலவில்லை. சாத்தியமான எல்லா டாக்சி எண்களையும், இருபது மில்லியனுக்குச் சற்று அதிகம், அதே சூத்திரத்தில் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்தார். எந்த மாவு எந்த அரிசியிலிருந்து வந்தது என்று அட்டவணை கிடைத்துவிட்டது. ஓரிரு மணி நேரத்தில் எந்த டாக்சி எங்கே போனது என்பது திறந்த புத்தகமானது. நம் கார் எண்கள் அதைவிடக் குறைவு.

இதை எளிதில் சரிசெய்யலாம், ரகசிய எண் ஒன்றைச் சேர்த்து அரைத்தால் போதும் என்று கணினி மன்றத்தில் இருக்கும் மாணவர் எவரேனும் சொல்வார். உண்மைதான். ஆனால் எண்ணையே முழுதாக நீக்கிவிட்டாலும் வேறொரு சிக்கல் மிஞ்சும். ஒன்றரை மில்லியன் பேரின் கைப்பேசி இருப்பிடங்களை ஆராய்ந்து 2013ல் வெளியான ஓர் ஆய்வு, எங்கே, எப்போது என்ற நான்கே புள்ளிகள் இருந்தால் 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. உங்கள் வீட்டுக் காரையே நினைத்துப் பாருங்கள். இரவு அது நிற்கும் புளோக், காலை ஏழு மணிக்கு உங்களை இறக்கிவிடும் பள்ளி, அம்மாவின் அலுவலகம், வெள்ளிக்கிழமை மாலை சிராங்கூன் சாலைக் கோயில். இந்த நான்கும் சேர்ந்த இன்னொரு கார் சிங்கப்பூரில் இருக்காது. பெயரை அழித்துவிட்டோம். பாதையே பெயராகிவிட்டது.

“மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு என்ன பயம்?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். ஆனால் பாதை சொல்லும் செய்திகள் குற்றங்கள் மட்டுமல்ல. ஒரு பெண் மூன்று வாரமாக வியாழக்கிழமைதோறும் மகப்பேறு மருத்துவமனைக்குப் போகிறார். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. விநியோக வேன் ஓட்டும் ஒருவர் வேறொரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறார். முதலாளிக்குத் தெரியக்கூடாது. இவர்கள் குற்றவாளிகள் இல்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பதைத் தாங்களே முடிவு செய்ய விரும்புகிறவர்கள், அவ்வளவுதான். வேன் ஓட்டுநரின் நிலை இன்னும் சிக்கல். வண்டி நிறுவனத்துடையது, பாதை மட்டும் அவருடையது. நிறுவனமே வண்டியில் பொருத்தும் கண்காணிப்புக் கருவிகள் தனிக் கதை, அதை இன்னொரு வாரம் பேசலாம்.

காவல்துறைக்கு இந்தத் தகவல் உதவாதா? கட்டாயம் உதவும். ஒரு பிள்ளையை மோதிவிட்டு நிற்காமல் போன வாகனத்தைக் கண்டுபிடிக்க எந்தத் தகவலும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாம் கடந்து வந்த ஓர் அனுபவம் உண்டு. கொவிட்-19 காலத்து டிரேஸ்டுகெதர் கருவியை உங்கள் தொடக்கப்பள்ளிப் பையில் மாட்டியிருந்தது நினைவிருக்கலாம். அந்தத் தகவல் தொற்றின் தடம் அறிய மட்டுமே என்று 2020ல் சொல்லப்பட்டது. 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அதைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பலருக்கு வருத்தம். அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், அந்தச் சட்டத்தைத் தாம் முன்பு கருத்தில் கொள்ளவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் புதிய சட்டம் நிறைவேறியது. ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று வரையறை வந்தது.

அந்தக் கதையில் நான் கவனிப்பது யார் தவறு செய்தார் என்பதை அல்ல, வரிசையை. தகவல் முதலில் சேர்ந்தது, எல்லை பிறகு வந்தது. சேர்ந்துவிட்ட தகவலுக்குப் புதிய பயன்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பயனும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றுக்கு 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை (ஆளுகை) சட்டமும் உள்விதிகளும் உண்டு. விதிகளை மீறும் அதிகாரிக்குத் தண்டனையும் உண்டு. ஆனால் அதே 2018ல்தான் சிங்ஹெல்த் கணினிகளில் ஊடுருவி 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்களைத் திருடிச் சென்றார்கள். ஊடுருவியவர்களை எந்த உள்விதி தடுத்திருக்கும்? அழிக்கப்பட்ட பதிவை மட்டும்தான் எவராலும் திருட முடியாது.

தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்க வேண்டுமானால் பாதை முழுவதையும் சேமித்தே ஆக வேண்டுமே என்று நினைக்கிறீர்களா? தேவையில்லை. 2009லேயே இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். ராலூகா அடா போபா, சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணன், ஆண்ட்ரூ புளூம்பெர்க் ஆகிய மூவர் உருவாக்கிய ‘விபிரிவ்’ என்ற முறை அது. கார் தன் பாதைப் புள்ளிகளைப் பெயரில்லாமல், மாறிக்கொண்டே இருக்கும் தற்செயல் அடையாளங்களோடு அனுப்பும். மாதக் கடைசியில் தன் கட்டணத்தைத் தானே கூட்டிச் சொல்லும். எந்தப் புள்ளிகள் இந்தக் காருடையவை என்று தெரியாமலேயே, கூட்டல் சரிதானா என்று மையக் கணினி சோதிக்க ஒரு கணித வழி உண்டு. கருவியை அணைத்துவிட்டு ஏமாற்றுபவரைப் பிடிக்க, சாலையில் அங்கங்கே திடீர்ச் சோதனைக் கேமராக்கள் போதும். நான் முன்பு சொன்ன வேறுபாடு நினைவிருக்கிறதா? இடத்தை அறிவது வேறு, சொல்வது வேறு.

ஆகவே என் கருத்து இது. தூரக் கட்டணம் வருவதற்கு முன்பே, ஒரு காரின் முழுப் பாதையும் எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள் வைத்திருக்கப்படும் என்ற எண் சட்டத்திலேயே இருக்க வேண்டும். விபத்தோ குற்றமோ நடந்தால் அந்த இடத்து, அந்த நேரத்துப் பதிவுகளை மட்டும் அழியாமல் நிறுத்திவைக்கக் காவல்துறை கேட்கலாம். எந்தெந்தக் குற்றங்களுக்கு என்ற பட்டியலும், ஆண்டுக்கு எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற எண்ணிக்கையும் பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும். அந்த நாள்கணக்கு ஒன்றாக இருக்கலாம், ஏழாக இருக்கலாம். பொறியாளர்கள் காரணம் சொன்னால் முப்பதுகூட இருக்கலாம். 1998ல் நம்மிடம் ஓர் எண் இருந்தது. அதைவிடப் பல மடங்கு அறியக்கூடிய கருவிக்கு எண் இல்லாமல் இருக்கக்கூடாது.

பதினெட்டு வயதில் ஓட்டுநர் உரிமம் எடுக்கலாம். உங்களில் மூத்தவர்களுக்கு அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள். தூரக் கட்டணம் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் நாள் அதற்கு முன்பு வருமா, பின்பு வருமா என்று சொல்ல முடியாது. வரும்போது, எவ்வளவு காசு என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். “எத்தனை நாள்?” என்ற கேள்வி படிவத்தில் இல்லையென்றால், ‘மற்றக் கருத்துகள்’ என்ற கட்டத்தில் அதை எழுதுங்கள்.